சிகாகோவில் தனியாக: ஸ்டேட் – மேடிசன் முனையிலிருந்து

சிகாகோவில் இறங்கியதும் எல்லாரும் மில்லேனியம் பூங்காவுக்குப் போய், ‘பீன்’ என்று ஊரார் சொல்லும் பளபளப்பான எஃகுச் சிற்பத்தின் முன்னால் நிற்கிறார்கள். நீங்களும் நில்லுங்கள். படம் எடுத்து முடித்ததும் மேற்கே சற்று நடந்து, ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கும் முனைக்கு வாருங்கள். இந்த ஊரின் பூஜ்யம் அதுதான். சிகாகோவின் ஒவ்வொரு வீட்டு எண்ணும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அந்த முனையின் தென்கிழக்கு மூலையில், இரும்பில் கொடியும் இலையுமாக வார்த்த வாசல் கொண்ட பழைய கட்டடம் ஒன்று நிற்கும். லூயிஸ் சல்லிவன் வடிவமைத்தது. இப்போது கீழ்த்தளத்தில் டார்கெட் கடை இருக்கிறது. அதன் விலாசம் 1 சவுத் ஸ்டேட். ‘சவுத்’ என்பதால் மேடிசனுக்குத் தெற்கே. ஒற்றைப்படை எண் என்பதால் தெருவின் கிழக்குப் பக்கம். எண் ஒன்று என்பதால் முதல் கதவு. கட்டடத்தை எதிரில் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். பிறகு எந்த விலாசத்தைக் கொடுத்தாலும் அது ஊரின் எந்த மூலை என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

1909-க்கு முன்னால் இந்த ஊரின் விலாசங்கள் பெருங்குழப்பம். பகுதிக்கொரு கணக்கு, ஒரே பெயரில் பல தெருக்கள். எட்வர்ட் பிரென்னன் என்பவர் ஆண்டுக்கணக்கில் நகரசபையை விடாமல் வற்புறுத்தி ஒரே கணக்கைக் கொண்டுவரச் செய்தார். 1909-இல் ஊர் முழுக்கக் கதவு எண்கள் மாறின; லூப் எனப்படும் நடுநகரத்தில் 1911-இல் மாறின. அவர் வகுத்தபடி 800 எண் ஒரு மைல். நம் கிலோமீட்டருக்கு மாற்றினால் இன்னும் எளிது: 500 எண் ஒரு கிலோமீட்டர், 100 எண் ஏறக்குறைய 200 மீட்டர், அதாவது இரண்டு மூன்று நிமிட நடை. 1600 நார்த் என்றால் மேடிசனிலிருந்து வடக்கே இரண்டு மைல். 2400 வெஸ்ட் என்றால் ஸ்டேட் தெருவிலிருந்து மேற்கே மூன்று மைல். ஃபுல்லர்ட்டன் தெரு 2400 நார்த், ஆஷ்லேண்ட் தெரு 1600 வெஸ்ட். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம் பூஜ்யத்திலிருந்து வடக்கே மூன்று மைல், மேற்கே இரண்டு மைல். தெற்கே தெருப் பெயர்களே எண்கள்தாம். 35-ஆம் தெரு என்றால் 3500 சவுத். ஒரு விலக்கு மட்டும் நினைவிருக்கட்டும்: மேடிசனுக்குத் தெற்கே 31-ஆம் தெரு வரையுள்ள முதல் மூன்று மைல்களில் எண்கள் இன்னும் நெருக்கமாக ஓடுகின்றன. அதற்குப் பிறகு மறுபடி 800 கணக்குதான்.

இரட்டைப்படை எண்கள் தெருவின் வடக்கு, மேற்குப் பக்கங்களில். ஒற்றைப்படை தெற்கு, கிழக்குப் பக்கங்களில். ஊரை ஒட்டிய பெரிய ஏரி எப்போதும் கிழக்கே. இந்த இரண்டும் மனத்தில் இருந்தால் எந்த முனையில் நின்றாலும் திசை தெரியும். தனியாகப் போகிறவருக்கு இது பெரிய பலம். தெரு முனையில் நின்று போனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவரைப் பார்த்தாலே வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும். கதவு எண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பி நடப்பவரை யாரும் கவனிப்பதில்லை. தவிர, நடுநகரத்தில் போனை நம்பவும் முடியாது. ஆற்றோரம் ஓடும் வேக்கர் டிரைவ் மேலும் கீழுமாக அடுக்குகள் கொண்ட சாலை. மிச்சிகன் அவென்யூவுக்கும் ஆற்றருகே ஓர் அடித்தளம் உண்டு. உயரக் கட்டடங்களுக்கு நடுவே போன் உங்களை எந்த அடுக்கிலும் காட்டும். கதவு எண் பொய் சொல்லாது.

நேர்க்கோடுகளுக்குக் கட்டுப்படாமல் குறுக்கே சாய்ந்து ஓடும் தெருக்களும் உண்டு: கிளார்க், லிங்கன், மில்வாக்கி, ஆக்டன், ஆர்ச்சர். கட்டம் போட்ட நகரம் வருவதற்கு முன்பே பூர்வகுடிகள் நடந்து தேய்த்த தடங்கள் இவற்றில் பல. இந்தச் சாய்ந்த தெருக்களில்தான் பழைய கடைகளும் சிறு உணவகங்களும் நெருக்கமாக இருக்கும். அரை நாள் கையில் இருந்தால் மில்வாக்கி அவென்யூவைத் தேர்ந்தெடுப்பேன். நார்த் அவென்யூ, டேமன், மில்வாக்கி மூன்றும் கூடும் ஆறு மூலைச் சந்திப்பு 1600 நார்த், 2000 வெஸ்ட். ப்ளூ லைனின் டேமன் நிலையத்தில் இறங்கினால் அங்கேதான் நிற்பீர்கள். அங்கிருந்து தென்கிழக்காக நடந்தால் வழியெல்லாம் கடைவீதி.

‘எல்’ என்னும் ரயில்

இந்த ஊரின் ரயிலுக்குப் பெயர் ‘எல்’. பல இடங்களில் தரைக்கு மேலே தூண்களில் ஓடுவதால் வந்த பெயர். சுரங்கத்தில் ஓடும் பகுதிக்கும் அதே பெயர்தான். 1892-இல் முதல் வண்டி ஓடியது. நடுநகரத்தைச் சுற்றி வரும் லூப் பாதை 1897-இல் முடிந்தது. இன்று எட்டு நிறங்களில் எட்டுத் தடங்கள்.

ஓஹேர் விமான நிலையத்தில் இறங்குகிறவர் ப்ளூ லைனிலும், மிட்வே விமான நிலையத்தில் இறங்குகிறவர் ஆரஞ்ச் லைனிலும் ஊருக்குள் வரலாம். ஓஹேரிலிருந்து நடுநகரத்துக்கு முக்கால் மணி நேரம். ஓஹேர் நிலையத்தில் ஏற மட்டும் மற்ற நிலையங்களைவிடக் கட்டணம் அதிகம். வென்ட்ரா என்ற அட்டையை இயந்திரத்தில் வாங்கலாம். தொட்டுச் செலுத்தும் வங்கி அட்டையும் வாயிலில் செல்லும். நாள் முழுக்கச் சுற்றப்போகிறவர் ஒரு நாள், மூன்று நாள் அல்லது ஏழு நாள் பாஸ் வாங்கிக்கொள்வது நல்லது. பாஸ் இருந்தால் ஒவ்வொரு முறையும் காசைக் கணக்குப் பார்க்காமல், பிடித்த நிலையத்தில் இறங்கிச் சுற்றிவிட்டு அடுத்த வண்டியில் ஏறலாம். தனிப் பயணத்தின் சுகமே அதில்தான் இருக்கிறது. கூட வருபவரிடம் கேட்க வேண்டியதில்லை.

பலகைகளில் வடக்கு, தெற்கு என்பதைவிடக் கடைசி நிலையத்தின் பெயரைத்தான் பெரிதாக எழுதியிருப்பார்கள். ரெட் லைனில் ‘ஹாவர்ட்’ என்றால் வடக்கே, ‘95’ என்றால் தெற்கே. ப்ளூ லைனில் ‘ஓஹேர்’ வடமேற்கே, ‘ஃபாரஸ்ட் பார்க்’ மேற்கே. லூப்பில் ஒரே பிளாட்பாரத்தில் பல நிற வண்டிகள் வந்து நிற்கும். வண்டியின் நெற்றியில் எழுதியிருப்பதைப் பார்த்து ஏறுங்கள். வெளியூர்க்காரர் அடிக்கடி விழும் பள்ளம் ஒன்று உண்டு. நிலையத்துக்கு அது நிற்கும் குறுக்குத் தெருவின் பெயரை வைத்திருப்பதால், ஒரே பெயரில் பல நிலையங்கள். ‘வெஸ்டர்ன்’ என்று ஐந்து நிலையங்கள் இருக்கின்றன. அதில் இரண்டு ப்ளூ லைனிலேயே. யாராவது “வெஸ்டர்ன் ஸ்டேஷனுக்கு வந்துடு” என்றால், எந்த நிறம், எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.

சுற்றுலாப் பேருந்துக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடித்து ப்ரௌன் லைனில் ஏறுங்கள் என்பேன். லூப்பில் அலுவலக ஜன்னல்களை உரசிக்கொண்டு திரும்பி, ஆற்றைக் கடந்து, செங்கல் வீடுகளின் பின்கட்டுகளை ஒட்டி வடக்கே போகும். சிகாகோ வீடுகளின் முன்பக்கம் அடக்கமாக இருக்கும். வாழ்க்கை நடப்பது பின்னால்: மரப்படிகள், பின்திண்ணைகள், துணிகள், தொட்டிச் செடிகள், குப்பைத் தொட்டிகள் வரிசையாக நிற்கும் சந்துகள். அதையெல்லாம் எல் ரயிலிலிருந்துதான் பார்க்க முடியும். வெஸ்டர்ன் தாண்டியதும் ரயில் தூண்களை விட்டுத் தரைக்கு இறங்கி, தெருக்களில் கேட் போட்டுக் கார்களை நிறுத்திவிட்டு, வீட்டுத் தோட்டங்களுக்கு நடுவே ஓடும். கடைசி நிலையம் கிம்பால். திரும்பும்போது வெஸ்டர்னில் இறங்கினால் லிங்கன் ஸ்கொயர். ஜெர்மானியர் வளர்த்த பேட்டை, கால் போன போக்கில் நடக்க நல்ல இடம்.

பேருந்தையும் ஒதுக்கிவிடாதீர்கள். எல் தடங்களில் பெரும்பாலானவை நடுநகரத்துக்குப் போய்த் திரும்புபவை. ஊரின் கிழக்கு மேற்காகப் போக வேண்டுமென்றால் பேருந்துதான். பெருந்தெருக்கள் நேராக ஓடுவதால், தெருப் பெயர் தெரிந்தாலே பெரும்பாலும் பேருந்தின் வழியும் தெரிந்துவிடும்.

எந்தப் பக்கம் போவது

நகரம் அதிகாரபூர்வமாக 77 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எல்லாவற்றையும் பார்க்க நினைப்பது வீண். ஒரு நாளைக்கு ஒரு பேட்டை. காலையில் போய்ச் சேர்ந்து, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே உட்கார்ந்து, சாயங்காலம் திரும்புங்கள். இப்படிப் பார்த்த மூன்று பேட்டைகள் ஓடிப் பார்த்த முப்பது இடங்களைவிட மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

தமிழ் வாசகர்களுக்கு நான் முதலில் சொல்லும் பேட்டை ஹைட் பார்க். நடுநகரத்திலிருந்து ஏரியை ஒட்டி ஓடும் 6-ஆம் எண் விரைவுப் பேருந்தில் போகலாம். ஜன்னலோரம், ஏரிப் பக்கமாக இடம் பிடியுங்கள். அல்லது மில்லேனியம் நிலையத்தில் மெட்ரா எலக்ட்ரிக் ரயில் ஏறலாம். அதற்கு டிக்கெட் தனி. சிகாகோ பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. விண்மீன்கள் எப்படி மடிகின்றன என்பதைக் கணக்கிட்ட சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937-இல் இந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து வாழ்நாள் முழுவதும் இங்கேயே பணியாற்றினார். 1983-இல் நோபல் பரிசு பெற்றார்.

1116 ஈஸ்ட் 59-ஆம் தெருவில் இருப்பது ஹார்ப்பர் நூலகக் கட்டடம். 1962-இல் இங்கே ஆசிரியராக வந்து சேர்ந்த ஏ.கே. ராமானுஜன், பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடி அந்த நூலகத்தின் நிலவறைக்கு இறங்கினார். அங்கே உ.வே.சாமிநாதையர் 1937-இல் பதிப்பித்த குறுந்தொகை கையில் கிடைத்தது. மைசூரில் தமிழ் பேசும் வீட்டில் பிறந்தவர் சங்கப் பாட்டைக் கண்டெடுத்தது சிகாகோவின் நிலவறையில்! 1967-இல் அவருடைய குறுந்தொகை மொழிபெயர்ப்பு வெளிவந்தது. ஆங்கில உலகம் சங்கக் கவிதையை அறிந்துகொண்டது பெரும்பாலும் அவர் வழியாகத்தான். சாம்பல் நிறக் கல்லில் கோபுரங்களோடு நிற்கும் அந்தக் கட்டடத்தின் முன்புல்வெளியில் சற்று நேரம் உட்காருங்கள். தமிழ் படித்தவருக்கு அமெரிக்காவில் இதைவிட நெருக்கமான இடம் வேறெதுவும் எனக்குத் தெரியாது.

அங்கிருந்து வடக்கே வந்தால் 5757 சவுத் உட்லான் என்னும் முகவரியில் ஃப்ராங்க் லாய்ட் ரைட் 1910-இல் கட்டி முடித்த ரோபி வீடு. பக்கத்திலேயே 5751-இல் செமினரி கோ-ஆப் புத்தகக் கடை, 1961-இல் தொடங்கியது. ஒன்றும் வாங்காமல் நெடுநேரம் நின்று படித்தாலும் தவறாக நினைக்கமாட்டார்கள். மாலையில் 55-ஆம் தெருவின் கிழக்குக் கோடிக்குப் போய், நெடுஞ்சாலைக்கு அடியில் இருக்கும் நடைபாதைச் சுரங்கம் வழியாக புரொமண்டரி பாயிண்ட் செல்லுங்கள். சுண்ணாம்புக்கல் படிகள் ஏரிக்குள் இறங்குகின்றன. அங்கே உட்கார்ந்து வடக்கே பார்த்தால் நடுநகரக் கட்டடங்கள் முழுவதும் தெரியும். ஏரிக்கரைக்குப் போக எங்குமே நெடுஞ்சாலையைக் குறுக்கே தாண்ட முயலாதீர்கள். கார்கள் நிற்காது. எங்கும் சுரங்கமோ மேம்பாலமோ இருக்கும். அதைத் தேடிப் போங்கள்.

டெவான் அவென்யூ 6400 நார்த். ரெட் லைனில் லயோலா நிலையத்தில் இறங்கி, மேற்கே போகும் 155-ஆம் எண் பேருந்தில் ஏறினால் 2200 வெஸ்ட்டிலிருந்து 2800 வெஸ்ட் வரை தெற்காசியக் கடைவீதி. இன்று அமெரிக்கா முழுக்கக் கிளை பரப்பியிருக்கும் படேல் பிரதர்ஸ் மளிகை 1974-இல் தொடங்கியது இந்தத் தெருவில்தான். ஒரே தெருவின் துண்டுகளுக்கு காந்தி, ஜின்னா, கோல்டா மெயர் என்று மூன்று பேர்களுடைய பெயர்ப் பலகைகளும் மாட்டியிருக்கும். குஜராத்தி, ஹைதராபாதி, பாகிஸ்தானி, வங்கதேசத்தவர், யூதர் எல்லாரும் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில். இட்லி, தோசை கிடைக்கும். ஆனால் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்கி மட்டும் இங்கே வராதீர்கள். இங்கே பார்க்க வேண்டியது வெளிநாட்டில் நிலைத்துவிட்ட இந்தியத் தெரு ஒன்று ஐம்பது வருடத்தில் எப்படி மூப்படைந்திருக்கிறது என்பதை. ஞாயிறு மதியம் புறநகர்களிலிருந்து குடும்பங்கள் வந்து குவியும். கூட்டம் பிடிக்காதவர் வார நாளில் போகலாம்.

மூன்றாவது பில்சன். பிங்க் லைனில் 18-ஆம் தெரு நிலையம். செக் நாட்டவர் குடியேறித் தங்கள் ஊர்ப் பெயரை வைத்த பேட்டை. பின்னால் மெக்சிகோக்காரர்களின் பேட்டையாக மாறியது. நிலையத்துப் படிகளிலேயே சுவரோவியங்கள் தொடங்கிவிடும். 16-ஆம் தெரு ரயில் கரையின் சுவர் நெடுகவும் ஓவியங்கள். 1852 வெஸ்ட் 19-ஆம் தெருவில் மெக்சிகோ கலைக்கான தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது, அனுமதி இலவசம். இலையுதிர் காலத்தில் போனால், இறந்தோர் நாளுக்காக அங்கே அமைக்கும் படையல் பீடங்களைப் பார்க்கலாம். நம்மூரில் மூதாதையருக்குப் படைத்தவர்களுக்கு அந்தப் பீடங்களின் முன்னால் விளக்கவுரை தேவைப்படாது.

மிச்சிகன் அவென்யூவைப் பற்றி ஒரு வரி. 111 சவுத் மிச்சிகனில் இருக்கும் ஆர்ட் இன்ஸ்டிட்யூட் கட்டடத்தில்தான் 1893 செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் பேசினார். சென்னையில் அளசிங்கப் பெருமாள் வீடு வீடாகத் திரட்டிய பணமும் ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதியின் ஊக்கமும் அந்தப் பயணத்துக்குப் பின்னால் இருந்தன. எதிரில் இருக்கும் சாலைத் துண்டுக்கு இப்போது அவர் பெயர்.

தெற்குப் பக்கம் பற்றி

“தெற்கே போகாதே” என்று விடுதியிலும் டாக்ஸியிலும் சொல்வார்கள். இந்த அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தெற்கு என்பது சிறு இடம் இல்லை. ஊரில் பெரும்பகுதி அதுதான். மேலே சொன்ன ஹைட் பார்க்கும் தெற்கேதான் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் தென்மாநிலங்களின் இனக்கொடுமையிலிருந்து தப்பி லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் இந்த ஊருக்கு ரயிலேறி வந்தார்கள். வந்தவர்களை நகரின் குறுகிய பகுதி ஒன்றுக்குள் அடைத்தார்கள். கறுப்பினத்தவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று வீட்டுப் பத்திரங்களிலேயே எழுதி வைத்தார்கள். அதை எதிர்த்து ஹான்ஸ்பெரி குடும்பம் நடத்திய வழக்கு 1940-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த வீட்டுப் பெண் லொரெய்ன் ஹான்ஸ்பெரி பின்னால் உலகம் அறிந்த நாடகாசிரியர் ஆனார். வங்கிக் கடனும் முதலீடும் மறுக்கப்பட்ட தெருக்கள் இன்றும் வெறிச்சோடிக் கிடப்பதற்கு இந்த வரலாறு காரணம். அதைத் தெரிந்துகொண்டு நடப்பவருக்கு இந்த ஊர் வேறு விதமாகத் தெரியும்.

பிரான்ஸ்வில்லுக்குப் பகலில் போங்கள். கிரீன் லைனில் 35-ஆம் தெரு நிலையத்தில் இறங்கி, கிழக்கே கிங் டிரைவ் வரை நடந்தால் முதல் உலகப் போரில் சண்டையிட்ட கறுப்பின வீரர்களுக்கான நினைவுத்தூண் நிற்கிறது. சற்றுத் தெற்கே, 3624 சவுத் கிங் டிரைவில், கும்பல் கொலைகளை அம்பலப்படுத்தி எழுதிய பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் வாழ்ந்த வீடு. அதைத் தெருவிலிருந்துதான் பார்க்க முடியும். 1950-இல் புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பினக் கவிஞர் குவென்டலின் புரூக்ஸ் தம் முதல் தொகுப்பின் தலைப்பிலேயே இந்தப் பேட்டையின் பெயரை வைத்தார்.

எச்சரிக்கை வேண்டியது எந்தத் திசைக்கும்தான். ஆள் நடமாட்டமுள்ள பெருந்தெருவிலேயே நடங்கள். ஒரு கட்டம் தாண்டினாலே சூழல் மாறும் ஊர் இது. தெரு திடீரென்று காலியாகத் தெரிந்தால் வந்த வழியே திரும்புங்கள், காரணம் தேட வேண்டாம். இரவு ரயிலில் ஓட்டுநர் இருக்கும் முதல் பெட்டியில் ஏறுங்கள். மற்றதெல்லாம் நிறைந்திருக்க ஒரு பெட்டி மட்டும் காலியாக வந்தால் அதில் ஏறாதீர்கள். காரணம் இல்லாமல் காலியாக இருக்காது. கதவருகே உட்கார்ந்து போனைக் கையில் தளர்வாகப் பிடித்துக்கொண்டிருந்தால், கதவு மூடும் நொடியில் பறித்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்குச் சொல்வது: பெட்டியில் ஒருவர் தொல்லையாகத் தெரிந்தால் தயங்காமல் அடுத்த நிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறுங்கள். ஊர்ப் பெண்களும் அதைத்தான் செய்கிறார்கள். அவசரத்துக்கு 911.

உட்கார இடம், உண்ண இடம்

நாள் முழுக்க நடப்பவருக்குக் கழிப்பறை பெரிய கேள்வி. அமெரிக்க நகரங்களில் பொதுக் கழிப்பறை அரிது. சிகாகோவில் பதில் நூலகங்கள். 400 சவுத் ஸ்டேட்டில் இருக்கும் ஹாரல்ட் வாஷிங்டன் நூலகம் 1991-இல் திறந்தது. பெயர் இந்த ஊரின் முதல் கறுப்பின மேயருடையது. ஒன்பதாம் மாடியில் கண்ணாடிக் கூரைக்கு அடியில் குளிர்காலத் தோட்டம் என்று ஒரு கூடம் இருக்கிறது. பனி நாளில் அங்கே உட்கார்ந்து கடிதம் எழுதலாம். இன்னோர் இடம் 78 ஈஸ்ட் வாஷிங்டனில் உள்ள கல்ச்சுரல் சென்டர். 1897-இல் கட்டிய பழைய பொது நூலகம். மாடியில் டிஃபனி நிறுவனத்தின் மாபெரும் கண்ணாடிக் குவிமாடம். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. பேட்டைகளிலும் கிளை நூலகங்கள் உண்டு. அங்கே அறிவிப்புப் பலகையைப் படியுங்கள். அந்தப் பேட்டையில் அந்த வாரம் என்ன நடக்கிறது என்பது எந்தச் சுற்றுலாக் கையேட்டையும்விட அதில் சரியாக இருக்கும்.

சாப்பாட்டில் தனியாளுக்கு ஒரு வசதி உண்டு. மேசைக்குக் காத்திருக்கும் இடத்தில் “கவுன்ட்டர்ல உட்காரலாமா?” என்று கேளுங்கள்; பெரும்பாலும் உடனே இடம் கிடைக்கும், பேச்சுத் துணையும் கிடைக்கும். ஊரின் பெயரில் விற்கும் ஆழமான பீட்சா தனியாளுக்குப் பெரிது, வேகவும் நேரமாகும். ஊர்க்காரர் வாரக்கடைசியில் வாங்குவது பெரும்பாலும் மெல்லிசாகத் தட்டிச் சதுரம் சதுரமாக வெட்டிய பீட்சா. அதையே கேளுங்கள். அதோடு ஜியார்டினேரா என்று ஒன்று கேளுங்கள்: மிளகாய், கேரட், காலிஃபிளவர், செலரி எல்லாம் எண்ணெயில் ஊறிய ஊறுகாய். நம் நாக்குக்கு இந்த ஊரில் முதலில் உறவாவது அதுதான். சைவர்கள் பில்சனில் அவரைப் பயறு மசியலில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பல கடைகளில் சேர்ப்பார்கள். உட்கார்ந்து சாப்பிட்டால் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது வழக்கம். விலைப்பட்டியலில் வரி சேர்ந்திருக்காது, பில்லில்தான் வரும்.

சாயங்காலம் தனிமை உறுத்தினால் 4802 நார்த் பிராட்வே. இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: லாரன்ஸ் தெரு 4800, ஆக அதைத் தாண்டியதும் மேற்குப் பக்கம் முதல் கதவு. கிரீன் மில் என்ற பழைய ஜாஸ் கூடம். ரெட் லைனின் லாரன்ஸ் நிலையம் பக்கத்திலேயே. 1986 முதல் கவிஞர்கள் மேடையேறிப் போட்டியாக வாசிக்கும் ‘ஸ்லாம்’ நிகழ்ச்சி இங்கே நடந்து வந்திருக்கிறது. அந்த வடிவத்தின் தாய்வீடு இது. 21 வயது ஆனதற்கு அசல் அடையாள அட்டை வேண்டும். வாத்தியம் ஒலிக்கும்போது பேசக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் கையமர்த்துவார். துணையில்லாமல் வந்தவருக்கு இதைவிடத் தோதான இடம் எது? கோடையில் மில்லேனியம் பூங்காவின் இசை மேடையில் கிராண்ட் பார்க் இசைவிழா நடக்கும். புல்வெளியில் உட்கார்ந்து கேட்பது இலவசம். ஒரு விரிப்பும் ஒரு ஸ்வெட்டரும் எடுத்துப் போங்கள்.

எப்போது வருவது

மே கடைசியிலிருந்து அக்டோபர் நடு வரை. மே மாதம் வந்தால் காலையில் 4400 நார்த், அதாவது மான்ட்ரோஸ் தெருவின் ஏரிமுனைக்குப் போங்கள். வலசை போகும் பறவைகள் அங்கே இறங்கும், தொலைநோக்கியோடு நிற்கும் ஊர்க்காரர்கள் கேட்காமலே காட்டிக் கொடுப்பார்கள். அங்கிருந்து, மொத்தம் 18 மைல் நீளமுள்ள ஏரிக்கரைப் பாதையில் தெற்கே எவ்வளவு தூரம் கால் தாங்குகிறதோ அவ்வளவு தூரம் நடக்கலாம். கோடையிலும் ஏரியோரம் ஊருக்குள் இருப்பதைவிடச் சில பாகை குளிர்ந்திருக்கும்.

குளிர்காலத்தில் வருகிறவர் கையுறை, காதை மூடும் தொப்பி, வழுக்காத அடிப்பாகம் கொண்ட பூட்ஸ் மூன்றிலும் மிச்சம் பிடிக்க வேண்டாம். எல் பிளாட்பாரங்களில் தலைக்கு மேலே சூடேற்றும் விளக்குகள் இருக்கும். அதன் கீழே எல்லாரும் நெருங்கி நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். பனி அள்ளிய கார் இடத்தில் யாரோ பழைய நாற்காலி ஒன்றை வைத்திருந்தால் அதை நகர்த்தாதீர்கள். அள்ளியவர் தனக்கென்று இடம் பிடித்து வைத்திருக்கிறார். பேட்டைகள் மதிக்கும் வழக்கம் அது.

திரும்பும் விமானம் அதிகாலையில் என்றாலும் ரயிலையே நம்பலாம். ப்ளூ லைனும் ரெட் லைனும் இரவெல்லாம் ஓடுகின்றன. மற்ற நிறங்கள் ஓடா. வாரக்கடைசிகளில் தண்டவாள வேலை நடந்தால் ஒரு பகுதிக்கு ரயிலை நிறுத்திவிட்டுப் பேருந்து விடுவார்கள். புறப்படுவதற்கு முந்தின நாளே நிலையத்தில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்துவிட்டு, அப்படி இருந்தால் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள்.